காளிதாஸ் அண்ணனின் டிரைவர்

ஒற்றைக் கால்மீது பொறாமைப்படுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படி ஒருத்தரோடுதான் குடும்பம் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் மகேஸ்வரனுக்கு இரண்டு காலும் இருக்கின்றன. இரண்டு கையும் இருக்கின்றன. உடம்பில் தேடினாலும் ஒரு கீறல் கிடைக்காது. அதுதான் அவருடைய குறை.

"காளிதாஸுக்குக் கால் போச்சு, பார்க்கிறவன்லாம் கும்பிடுறான். எனக்கு என்னா போச்சுன்னு கேட்டா எதைக் காட்டுறது, சொல்லு?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாயில் வந்த பதிலை மீனோடு சேர்த்துக் கழுவிவிட்டேன்.

இருவரும் சாஆ என்கிற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். என் மாமனார் சபாபதி தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். மகனை மடியில் வைத்துக்கொண்டு குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போவாராம். பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இவருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும் என்று மாமியார் பெருமை பேசுவார். பள்ளிக்கூடம் முடிந்ததும் காளிதாஸ் அண்ணன் ராணுவத்தில் சேரப் போனார். துணைக்குப் போன இவரும் சேர்ந்துவிட்டார். இவருக்கு வண்டி ஓட்டும் வேலை. அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்காருகிற வேலை. முகாமில் யார் கேட்டாலும் இவரைக் காட்டி, "இவன் என் டிரைவர்" என்பார் அண்ணன். அதில் ஒரு செல்லம் இருந்தது. இவருக்கும் அந்தப் பேர் பிடித்துத்தான் இருந்தது.

நான் கோத்தா திங்கிக்காரி. கல்யாணம் முடிந்து என்னைச் சிகாமட்டுக்கு அழைத்து வந்தபோது இவர்தான் காரை ஓட்டினார். மாப்பிள்ளை காரோட்டக் கூடாது என்று பெரியவர்கள் எவ்வளவோ சொல்லியும் சாவியைக் கொடுக்கவில்லை. நான் பட்டுப்புடவையோடு வழி முழுக்கத் தூங்கினேன். தலையில் வைத்த பூ அசையாமல் கொண்டுவந்து சேர்த்தார். நான் எந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு அமைதிப்படையில் லெபனானுக்குப் போனார்கள். அங்கே ஒரு நாள் இவர் ஓட்டிய வண்டிக்குப் பக்கத்தில், சாலையோரம் ஏதோ வெடித்தது. அண்ணனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

அண்ணன் திரும்பி வந்தபோது மாலை போட்டார்கள், பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தில் அவருக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறதே, அது என் வீட்டுக்காரர். மீதிப் பாதியைப் பேப்பர்காரர்கள் வெட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்களோ, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, சாமியக் கும்பிட்டுக்க மகேஸு" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

ராணுவத்தை விட்டதும் ரொட்டி லாரி ஓட்டும் வேலைக்குப் போனார். நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் சாலையோரம் ஒரு குப்பைப் பை கிடந்தால் வண்டி நடு ரோட்டுக்குப் போய்விடும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், திட்டுவான். அந்த வருடம் சிகாமட்டில் பெரிய வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஊர்க்காரர்கள் ஊறிப்போன மெத்தை, சோபா, அலமாரி எல்லாவற்றையும் வாசலில் போட்டார்கள். சாலையின் இரண்டு பக்கமும் குவியல் குவியலாகச் சாமான். இவர் லாரியை நடுவில் நிறுத்தி, இறங்கி, வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. சாவி கையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் தொடவில்லை.

இப்போது மோட்டார் சைக்கிளை நான்தான் ஓட்டுகிறேன். பள்ளிக்கூட கேண்டினில் எனக்கு வேலை. போகிற வழியில் அவரை ஒரு பட்டறையில் இறக்கிவிடுவேன். அங்கே டயர் அடுக்குவார், முடியாத நாளில் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுக்கு நாங்கள் போகிற நேரம் தவறாமல் தெரியும்.

"ஆளு குண்டுக்கல்லாட்டம் இருக்காரு. பொண்டாட்டி ஓட்ட, பின்னால உக்காந்துட்டுப் போறாரு பாரு" என்று என் காதில் விழும்படிதான் சொல்வாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மாமியார் கோழி அறுத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பேய் ஓட்டிப் பார்த்தார். பேய் போகவில்லை. கடைசியில் நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மனநலப் பிரிவில் ஒரு மலாய்க்கார டாக்டர், சின்னப் பெண், பொறுமையாகப் பேசினார். இது போருக்குப் போனவர்களுக்கு வருகிற நோய், கோழைத்தனம் இல்லை என்றார். பி.டி.எஸ்.டி. என்று பெயரும் சொன்னார். மாத்திரையும் பேச்சுமாக மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறோம். வெள்ளையம்மாவிடம் ஒருநாள் ரோஷம் தாங்காமல் அந்தப் பெயரைச் சொன்னேன். "அது என்னா, லைசென்ஸா லா?" என்று கேட்டாள். நாலு எழுத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு என்னத்தைக் காட்டுவது? மூளையில் போட்ட கட்டு வெளியே தெரிவதில்லையே.

அவருக்குக் கால்மீது பொறாமை என்றால், எனக்கு ரூபினிமீது. காளிதாஸ் அண்ணனின் மனைவி. எங்கே போனாலும் முன் வரிசையில் நாற்காலி, "தியாகியோட சம்சாரம்" என்று மரியாதை. அதுகூடப் போகட்டும், பட்டுப்புடவைக்கும் நாற்காலிக்கும் ஆசைப்படுகிறவள் இல்லை நான். படி ஏறும்போது அண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொள்வார். அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். லெபனானிலிருந்து வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் ஹாலில், வாசலைப் பார்த்தபடி சோபாவில்தான் படுக்கிறார். அதே சோபாவில் பகலில் நான் போய் உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். அந்தக் கை என் தோளில் பட்டு எத்தனை காலம் ஆகிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த வருடம் சாஆ தோட்டத்துக் கோயில் திருவிழாவில் காளிதாஸ் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அண்ணன் போனில் கூப்பிட்டார். "மகேஸும் வந்தாதான் நானும் வருவேன்னு கோயில் செயலாளர் ஜெயபாலன்கிட்ட சொல்லிட்டேன்மா. என் டிரைவருக்கும் மரியாதை செய்யணும்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்த தோட்டத்தில், லயத்து ஜனங்கள் அத்தனை பேர் முன்னாலும், மைக்கில் இவர் பெயரைச் சொல்வார்கள். இவரும் அந்த வண்டியில் இருந்தார் என்று சொல்வார்கள். எனக்கு அது ஒன்று போதும். ஒரே ஒரு தடவை போதும். அதற்குப் பிறகு மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் நிமிர்ந்து உட்காருவார் என்று நினைத்தேன்.

"எதைக் காட்டி வாங்குறது வாசுகி? வெடிச்ச வண்டிய ஓட்டுனவன் நான். அதுக்கா பொன்னாடை?" என்றார்.

"நீங்க வரலன்னா நான் கோத்தா திங்கிக்குப் போயிடுவேன்" என்றேன். வெறும் மிரட்டல்தான். ஆனால் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன். ரதம் கிளம்பும்போது சிதறுதேங்காய் உடைப்பார்கள். அந்தச் சத்தம் இவருக்கு ஆகாது. ஜெயபாலனிடம் முன்கூட்டியே கேட்டேன். ரதம் விளக்கு வைத்த பிறகுதான், நிகழ்ச்சி சாயங்காலமே முடிந்துவிடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அதற்குள் கிளம்பிவிடலாம் என்று இருந்தேன்.

அண்ணன் தன் காரிலேயே எங்களை அழைத்துப் போனார். இடது காலால் ஓட்டுகிற மாதிரி மிதிகளை மாற்றி வைத்திருக்கிறார். கால் இல்லாதவர் காரோட்ட, இரண்டு காலும் உள்ள டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் நானும் ரூபினியும். அவள் என் புடவை நன்றாக இருப்பதாகச் சொன்னாள். நான் பதிலுக்குச் சொல்லவில்லை.

கோயிலில் நல்ல கூட்டம். பந்தல் ஓரமாக இருந்த கொஞ்சம் இடத்தில் அண்ணன் காரை நிறுத்தினார். அவரையும் ரூபினியையும் மேடைப் பக்கம் கூட்டிப் போய்விட்டார்கள். எங்களுக்கு நடு வரிசையில் இடம் கிடைத்தது. சரி, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது போனால் போகிறது என்று இருந்தேன். பேச்சு ஆரம்பித்தது. அண்ணனைப் புகழ்ந்து தள்ளினார்கள். இவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது ஜெயபாலன் மைக்கைப் பிடித்தார். "காளிதாஸ் அண்ணனோட டிரைவர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்."

இவர் என்னைப் பார்த்தார். நான், "உங்களத்தான், போங்க, போங்க" என்று முழங்கையால் இடித்தேன். இவர் எழுந்தார். சட்டையை உள்ளே செருகிக்கொண்டார். இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு காலத்தில் எப்படி நடப்பாரோ அப்படி, வரிசைகளுக்கு நடுவே நடந்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த நடையைப் பார்க்கிறேன்! நான் கை தட்டினேன். நான் தட்டுவதைப் பார்த்து என் பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

மேடைப் படிக்குப் பக்கத்தில் போய் அவர் நின்றதும் ஜெயபாலன் குனிந்து, மைக்கை மூடாமலே சொன்னார்: "அண்ணே, உங்க காரு ரதம் போற வழியில நிக்குது. கொஞ்சம் பின்னால எடுத்துப் போடுங்க. உங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் பின்னாடி கட்டி வெச்சிருக்கு."

கால் இல்லாத மனிதர் சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பார் என்பது ஜெயபாலனின் கணக்கு. அண்ணன் போனில் சொன்ன மரியாதையை அவர் பொட்டலமாகக் கட்டிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அது வேறு எரிச்சல். கெட்டவராக இருந்தால் சட்டையையாவது பிடித்திருப்பேன்.

பந்தலில் யாரோ சிரித்தார்கள். இவர் நகரவில்லை. காரை எடுக்க அவரால் முடியாது, முடியாது என்று சொல்லவும் முடியாது. காளிதாஸ் அண்ணன் மேடை நாற்காலியிலிருந்து எழுந்து, "ஐயோ, ஜெயபாலன், அவன் அந்த டிரைவர் இல்ல" என்று சொல்லியபடி படி இறங்கி வந்தார். நானும் எழுந்து ஓடினேன். நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

கார் நகர்ந்து வழி கிடைத்துவிடும் என்று, விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே ரதத்தைச் சுற்றிக் கூடிவிட்ட இளைஞர்கள் அதற்குள் முதல் தேங்காயை ஓங்கி அடித்துவிட்டார்கள். அதைத் தொடர்ந்து இன்னொன்று.

என் வீட்டுக்காரர் காளிதாஸ் அண்ணன்மேல் பாய்ந்தார். அண்ணனை மண்ணில் தள்ளி, அவர்மேல் படுத்து, இரண்டு கையாலும் அவர் தலையை மூடிக்கொண்டார். அண்ணனின் செயற்கைக் கால் கழன்று தனியாகக் கிடந்தது. பொன்னாடை வாங்க வந்தவரைக் காரோட்டி கீழே தள்ளிவிட்டான் என்று கூட்டம் பதறியது. இரண்டு பேர் இவரைப் பிடித்து இழுக்க வந்தார்கள்.

இழுக்க முடியவில்லை. ஏனென்றால் பிடித்துக்கொண்டிருந்தது இவர் மட்டும் இல்லை. அண்ணன் கீழேயிருந்து இவர் சட்டையை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எந்திரிக்காதடா, மகேஸு, இன்னும் ஒண்ணு இருக்கு, எந்திரிக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேங்காய் உடைப்பது நின்றுவிட்டது. அண்ணன் நடுங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மேடையில் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான்.

ஜெயபாலன் சமாளிக்கிற மாதிரி நாதஸ்வரத்தை வாசிக்கச் சொல்லிவிட்டார். அதனால் முன்னால் நின்ற நாலைந்து பேரைத் தவிர யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால், செம்பனை நிழலில் இருவரையும் உட்கார வைத்தோம். ரூபினி கழன்ற காலைத் துடைத்து மாட்டிவிட்டாள். அவள் கை பதறவில்லை. இதையெல்லாம் பார்த்துப் பழகியவள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "வீட்டுல கதவு சாத்துற சத்தத்துக்கே இப்படித்தான்க்கா. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு" என்றாள். புடவை நன்றாக இருப்பதாகச் சொன்னவளுக்கு நான் அப்போதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கும் இப்படித்தான்மா. மொத வெடியில என் கால் போச்சு. இவன் என்னை வெளிய இழுத்துப் போட்டான். ரெண்டாவது வெடிச்சப்ப என் மேலதான் படுத்திருந்தான். நான் அவனுக்குக் கீழ அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு இருந்தேன். மேடையில இதைச் சொல்றதில்ல. எப்படிச் சொல்றது? ஹீரோ அழுதான்னா எவன் பொன்னாடை போடுவான்?"

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "ஓட்டுனது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடா."

நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? என் புருஷன் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்று பூரித்திருக்க வேண்டும். பூரிப்பு பிறகு வந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது பொறாமை. அந்தக் கை ஒருவரை இவ்வளவு இறுக்கமாக அணைக்கும் என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னைத் தொடாத கை செத்துப்போன கை என்று நினைத்து மனதைத் தேற்றியிருந்தேன். செத்துப்போகவில்லை, பாருங்கள்.

மைக்கில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜெயபாலன் வெட்கத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்க மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் வாங்கிப் பிரித்து, நிதானமாகச் சாப்பிட்டார். "அவனும் நடுங்குனான், பார்த்தியா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். கூட்டாளி விழுந்ததில் வந்த சந்தோஷம் இல்லை அது. இத்தனை வருடம் தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருக்கிறார்.

சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தார். இவர் போனைக் காதில் வைக்க மாட்டார், ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் சமையல்கட்டில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"டேய், அந்த டாக்டர்கிட்ட உள்ள போனா என்னா கேப்பாங்க?"

"மொதல்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தண்ணி குடுப்பாங்க. பேச வரலன்னா சும்மா உக்காந்திருக்கலாம். திட்ட மாட்டாங்க."

"யாராச்சும் பார்த்துட்டா? பேப்பர்ல வந்த மூஞ்சிடா என்னுது."

"என் மூஞ்சி யாருக்கும் தெரியாது. நான் முன்னால நடக்கிறேன். நீ பின்னாலயே வா."

அந்தப் பக்கத்திலிருந்து "பயமா இருக்குடா மகேஸு" என்று கேட்டது.

"வாடா. நான் இருக்கேன்."

நான் அடுப்பை அணைத்தேன். நான் இருக்கேன். இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்வது என் வேலையாக இருந்தது. டாக்டரிடம் போகும்போது நான் சொன்னேன். பட்டறையிலிருந்து பாதியில் வந்த நாளெல்லாம் நான் சொன்னேன். அவர் வாயிலிருந்து அது வருமா என்று எத்தனையோ நாள் காத்திருந்தேன். இன்றைக்கு வந்தது. முதலில் அதைக் கேட்டது நானில்லை, அந்த ஒற்றைக் கால்காரர். எனக்கு வயிறு எரிந்தது, கண்ணும் எரிந்தது. வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

கரண்டியோடு ஹாலுக்குப் போனேன். அவர் போனை வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குந்தான் பயமா இருக்கு. இத்தன வருஷமா பயமாத்தான் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். வெள்ளையம்மாவுக்குக் கேட்டிருந்தால் கேட்கட்டும்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.